ஒரு குறையும் இல்லாத விவாகரத்து

உலகம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை வாய்ச்சண்டையில் ஒருமுறைகூடத் தோற்காத ஆண்மகன் ஒரே ஒருவன்தான் பிறந்திருக்கிறான். அவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பிரேமுக்குள் உட்காரவைக்கும் வேலை பார்த்துவந்தான். இது அவனே தந்த தகவல். மறுக்க முயன்றவர்கள் உண்டு. மறுத்து முடித்தவர்கள் இல்லை.

சொந்தக்காரர்கள் அவனைக் கண்ணாடிக்காரன் என்பார்கள். கல்யாணம் செய்துகொண்டு வெளிநாட்டுக்குப் போனவன் அவன். மனைவி அங்கேயே பிறந்தவள், நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவளுடைய கணவன் என்ற ஒரே தகுதியில்தான் அவனுக்கு அங்கே தங்க அனுமதி. அவளுடைய தங்கையைக் கட்டிய சகலைக்கும் அதே கதை. சகலை ஒரு மளிகைக் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டினான். பெண்டாட்டி கிழக்கே சூரியன் மறைகிறது என்றாலும் "ஆமாம்மா" என்று தலையாட்டுவான். அதனால் கண்ணாடிக்காரன் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தான். பெயர் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. ஆமாஞ்சாமியின் பெண்டாட்டியே அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். அதற்கும் அவன் திரும்பிப் பார்த்தான்.

எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்காரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்காரனுக்கு இதைவிட நல்ல தொடுகறி கிடைக்காது.

"ஏன் தம்பி, உனக்குக் கழுத்துல எலும்பா, ஸ்பிரிங்கா?"

ஆமாஞ்சாமி அதற்கும் தலையாட்டுவான். ஒருமுறை ஆட்டிய தலை ஆயுசுக்கும் நிற்காது என்பது கண்ணாடிக்காரனின் சித்தாந்தம். அவன் தலை ஆடியதே இல்லை. வாய்தான் ஆடும்.

அப்படி ஆடிய வாய் ஒருநாள் கல்யாணத்தை முடித்துவைத்தது. மனைவி வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றியபடி, ஜன்னலை ஏன் திறந்துபோட்டீர்கள் என்று கேட்டாள். தான் திறந்துபோடவில்லை, சாத்தியதுதான் சரியாகச் சாத்தவில்லை, இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று அவன் தொடங்கினான். சாப்பாடு ஆறியது. பாத்திரம் கழுவியாயிற்று. அவன் ஜன்னலை மூன்று விதமாகச் சாத்திக்காட்டினான். கடைசியில் அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஜெயிச்சிட்டீங்க. நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். முதல் பாதியில் அவன் மகிழ்ந்ததால் இரண்டாம் பாதி காதில் விழக் கொஞ்ச நேரமாயிற்று.

அவள் திரும்பி வரவில்லை. அழுகை, கூச்சல், பஞ்சாயத்து எதுவும் இல்லை. இருவரும் சேர்ந்தே விவாகரத்துக்கு மனுப் போட்டார்கள். மாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பிரிவதானால் பிரியுங்கள், ஆனால் ஒருத்தர்மேல் ஒருத்தர் சேற்றை வாரி இறைத்து ஊர் சிரிக்கும்படி செய்யாதீர்கள். வீட்டுக் குப்பை வீட்டோடு. ஆகவே மனுவில் கணவன்மேல் மனைவிக்கு ஒரு குறையும் இல்லை, மனைவிமேல் கணவனுக்கும் ஒரு குறையும் இல்லை என்று எழுதப்பட்டது. வக்கீல் தலையைச் சொறிந்து, கருத்து வேறுபாடு என்றாவது போடலாமே என்றார். என்ன கருத்து, என்ன வேறுபாடு என்று நாலு பேர் கேட்பார்கள், அதுவும் வேண்டாம் என்று மாமியார் மறுத்துவிட்டார். உலகத்திலேயே மிகவும் மரியாதையான விவாகரத்து அவர்களுக்குக் கிடைத்தது.

வம்பு அங்கேதான் முளைத்தது.

கொழுகொம்பு போனால் கொடிக்கு என்ன வேலை? கல்யாணம் முடிந்ததும் அனுமதியும் முடிகிறது என்பது அந்த நாட்டுச் சட்டம். ஆனால் சில வருடங்கள் உண்மையாகவே குடும்பம் நடத்தியவர், கையில் வேலையும் இருந்தால், விவாகரத்துக்குப் பிறகு தன் சொந்தப் பெயரிலேயே தங்கலாம். இந்தப் பிரிவைக் கண்ணாடிக்காரன் மனப்பாடமாக ஒப்பிப்பான். சேர்ந்து வாழ்ந்த வருடங்களும் தேறின. ஆனால் குடியேற்ற அலுவலகத்து அதிகாரி பழம் தின்று கொட்டை போட்டவர். வருடக் கணக்கு நிறைந்திருக்கிறது, நிறைந்த கையோடு பிரிந்திருக்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவருக்குக் குறையே இல்லை. அனுமதிக்காகக் காகிதத்தில் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் இப்படித்தான் கைகுலுக்கிப் பிரிவார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இருவரும் நேரில் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அவருக்கு நம்பிக்கை வராவிட்டால் கண்ணாடிக்காரன் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

அவன் வெளியே அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பின்னறையில் தேய்க்கும் இயந்திரத்தின் முன் நிற்கும்போது, தேய்த்து முடித்த லென்ஸையே மறுபடி எடுத்துத் தேய்க்கப் போனான். பவர் ஒரு கண்ணில் ஒரு மாதிரியும் மறு கண்ணில் வேறு மாதிரியும் இருக்கும் சிக்கலான கண்ணாடிகளைக் கடைக்காரர் அவனுக்கென்று தனித் தட்டில் எடுத்துவைப்பார். அந்தத் தட்டுக்காகவே அவன் காலையில் சீக்கிரம் வருவான். ஊருக்குத் திரும்பிப் போனால் அவனுக்குக் காத்திருந்தது அண்ணன் வீட்டு சோபாவின் ஓரம். அதுவும் அண்ணி மனம் வைத்தால்.

முன்னாள் மனைவியை அலுவலகத்துக்கு வரச்சொல்லிக் கேட்கவேண்டும். கேட்பது என்பது அவன் வாய்க்குப் பழக்கமில்லாத வேலை. ஆமாஞ்சாமியைத் தேடிக் கிடங்குக்குப் போனான். அவன் அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா வர்றேன்னுட்டாங்கண்ணே, நான் அப்பவே கேட்டுட்டேன். ஆனா ஒண்ணு, அங்க போயி நீங்க பேசாதீங்க."

"நான் பேசாம? என் கேசுக்கு உன் தலையையா கூட்டிட்டுப் போக முடியும்?"

"அவங்க பேசட்டும்ணே."

"உனக்கென்னப்பா. பதில் தெரியாதவன் தலையாட்டுவான். எனக்குத் தெரியுதே, என்ன பண்றது?"

ஆமாஞ்சாமி டப்பாவை மூடினான். "பதில் எனக்கும் தெரியும்ணே. எல்லாத்துக்கும் தெரியும்."

இதற்கும் கண்ணாடிக்காரனிடம் ஒரு பதில் இருந்தது. கிடங்கில் சங்கு ஊதிவிட்டதால் சொல்ல முடியாமல் போயிற்று என்று பின்னாளில் விளக்கினான்.

அலுவலக அறை சின்னது. ஒரு மேசை, நான்கு நாற்காலி, திறக்க முடியாத ஜன்னல். அதிகாரி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள். அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை வாங்கி நிமிர்த்திக் கொடுக்கக் கண்ணாடிக்காரனின் விரல் துறுதுறுத்தது. பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர். வீட்டில் பேசிய மொழியிலேயே இருவரும் பேசவேண்டும் என்பது விதி. முன்னாள் மனைவி சீருடையிலேயே வந்திருந்தாள், அடுத்து அவளுக்கு வேலை.

ஏன் பிரிந்தீர்கள் என்று அதிகாரி அவளிடம் கேட்டார். அவள் பழக்கதோஷத்தில், "பெருசா குறைன்னு ஒண்ணும் இல்லைங்க" என்றாள். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு எழுத்துக் குறையாமல் சொல்ல, அதிகாரி எழுதிக்கொண்டார். உடனே கண்ணாடிக்காரன் களத்தில் குதித்தான். கல்யாணம், குடித்தனம், வாடகை வீடு, சட்டப் பிரிவு, உட்பிரிவு எல்லாம் வரிசையாக, தடங்கலில்லாமல், மேடைப்பேச்சுப் போல வந்தன. மொழிபெயர்ப்பாளருக்கு மூச்சு வாங்கியது. நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார் அதிகாரி. அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். அதிகாரியின் மொழியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது பாராட்டு இல்லை என்று தெரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்தாள்.

நடைபாதையில் அவள் காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"உங்களை அனுப்பிடுவாங்க போல இருக்கு. நான் உள்ளதைச் சொல்லட்டுமா?"

"உங்கம்மா குறை சொல்லக்கூடாதுன்னாங்களே."

"அம்மா உள்ள வரல. ஆனா நான் சொல்லும்போது நீங்க ஒரு வார்த்தை குறுக்க பேசினா, நான் எந்திரிச்சு பஸ் எடுக்கப் போயிடுவேன்."

"எல்லாத்தையும் சொல்லப் போறியா?"

"எல்லாத்துக்கும் அவங்களுக்கு நேரம் இருக்காது."

உள்ளே போய் அவள் நிதானமாக ஆரம்பித்தாள், நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுப்பதுபோல. ஊர் முழுக்கப் பேருந்து ஓட்டுகிற தனக்கே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வழி சொல்வார். திங்கட்கிழமைச் சண்டைக்கு வியாழக்கிழமை விடியற்காலையில் எழுப்பிப் பதில் சொல்வார். தனக்குப் பல்வலி என்றபோது அது பல் இல்லை, ஈறு என்று சாதித்தார். அப்பா செத்த வீட்டில், அப்பா இந்த நாட்டுக்கு வந்த வருடத்தைத் தப்பாகச் சொன்ன பெரியப்பாவைப் பிணத்தை வைத்துக்கொண்டே திருத்தினார். இவர் சொன்னது சரியான வருடம்தான், அதுதான் இன்னும் கொடுமை.

கண்ணாடிக்காரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. ஈறு விஷயத்தில் டாக்டரே அவன் பக்கம். பதில்கள் தொண்டைவரை வந்து, இடமில்லாமல் ஒன்றையொன்று நெரித்தன. அதிகாரியின் பேனா வேகம் பிடித்தது. மொழிபெயர்ப்பாளர் ஒரு கட்டத்தில் வேலையை மறந்து, "அப்புறம்?" என்று தமிழில் கேட்டுவிட்டார்.

அப்புறம் அவள் குரல் இறங்கியது. தனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு அனுப்பிய நாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். போன் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் கூட வேலை பார்ப்பவர் ஓட்டிவந்த பேருந்தில் ஏறி, தையலைக் கையால் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"அன்னிக்கி இவர் வரல" என்றாள்.

அவன் வந்திருந்தான். கடைக்காரரின் காரை இரவல் வாங்கி, ஆஸ்பத்திரியின் இன்னொரு வாசலில், செத்துப்போன போனோடு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தான். மறுநாள் அதைச் சொல்லவும் செய்தான். ஆனால் சொன்னதோடு நிற்கவில்லை. எது முன்வாசல், எது பின்வாசல் என்று படம் போட்டு விளக்கி, அந்த விவாதத்திலும் வென்றான். அதனால் அவன் வந்திருந்ததையே வாதத்துக்காகச் சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டாள். எப்போதும் ஜெயிக்கிறவன் சொல்லும் மெய்க்கும் பொய்க்கும் ஒரே சத்தம்.

அவன் வாய் திறந்தது. அவள் சீருடையின் பொத்தானைத் தடவியபடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மூடிக்கொண்டது.

அதிகாரி பேனாவை மூடினார். இது கல்யாணம்தான் என்றார். பிரிந்ததற்குக் காரணமும் தெளிவாக இருக்கிறது, உங்கள் பெயரிலேயே தங்க அனுமதி வரும், வேலையை விட்டுவிடாதீர்கள் என்று அவனிடம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அவனுக்குக் கைகொடுத்தார். அவளுக்குக் கும்பிடு போட்டார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தம்வரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். அவளுடைய வண்டி நிற்கும் பணிமனைக்கு அங்கிருந்துதான் போகவேண்டும். நிழற்கூரையின் கீழே வேறு யாரும் இல்லை.

"ஆஸ்பத்திரி விஷயத்துல ஏதோ சொல்ல வந்தீங்க. அதான் எல்லாம் முடிஞ்சுதே, இப்ப சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

அவனிடம் எல்லாம் தயாராக இருந்தது. காரை நகர்த்தச் சொன்ன ஆம்புலன்ஸ்காரர் இருந்தார். அவளுக்காக வாங்கிவைத்து, காருக்குள் வெயிலில் வெந்துபோன ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. கடைக்காரரைச் சாட்சிக்கே கூப்பிடலாம்.

"ரொம்ப நேரம் உக்காந்திருந்தியா?" என்று கேட்டான்.

"இருட்டுற வரைக்கும்."

"வலிச்சுதா?"

"வலிக்காம?" அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கணக்கு இடிக்கிறதுபோல ஒரு பார்வை. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். "வலி கூடப் பரவாயில்ல. அந்த பஸ்ஸுல எல்லாரும் தெரிஞ்சவங்க. வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்க வந்திருக்கணும்ல?"

பேருந்து இன்னும் கண்ணில் படவில்லை. கண்ணாடிக்காரன் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான்.

"ஆமாம்மா" என்று தலையாட்டினான்.