நட்சத்திரம் போட்ட கேள்விகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் பொழுது போகாமல் ஒரு குணநலச் சோதனை எழுதினேன். நூற்றிருபது கேள்விகள். நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் கற்பனைத் திறனில் நான் கடைசியிலிருந்து நாலாவது ஆள் என்று முடிவு வந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? மனைவியிடம் காட்டினேன். "பரவால்லையே, உங்களுக்குப் பின்னாடியும் மூணு பேர் இருக்காங்களே" என்றாள். அந்தக் கடுப்பில் எழுத உட்கார்ந்ததுதான் இது.

முதல் வரிக்குச் சில முயற்சிகள்:

மனித மனம் என்பது ஓர் ஆழ்கடல்... (எனக்கே கொட்டாவி வந்தது.)

அவளுக்கு மனிதர்களைப் பிடிக்கும், ஆனால் (ஆனால் என்ன? பேனா மூடியைத் தேடிவிட்டு வந்தபோது மறந்துவிட்டது.)

காலை பத்தே காலுக்கு உளவியல் மேடம் அறைக் கதவை உள்பக்கம் தாழிட்டாள்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

காலை பத்தே காலுக்கு உளவியல் மேடம் அறைக் கதவை உள்பக்கம் தாழிட்டாள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஆட்களை உட்காரவைத்துக் குணநலச் சோதனை கொடுப்பாள், மதிப்பெண் போடுவாள், 'இவர் இப்படிப்பட்டவர்' என்று இரண்டு பக்கம் எழுதி முதலாளியிடம் நீட்டுவாள். முதலாளி அதைப் பார்த்து யாரை எங்கே உட்காரவைப்பது என்று முடிவு செய்வார். மனிதர்களைப் பார்த்து முடிவு செய்ய அவருக்கு நேரமில்லை.

சோதனையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்து கட்டங்கள், 'ஒருபோதும் இல்லை'யில் தொடங்கி 'எப்போதும்' வரை. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். 'புதியவர்களோடு சட்டென்று பேசிவிடுவேன்' என்பதற்கு 'எப்போதும்' என்றால் ஐந்து. 'கூட்டத்தில் மூலையைத் தேடுவேன்' என்பதற்கு 'எப்போதும்' என்றால் மட்டும் கணக்கைத் திருப்பி ஒன்று போட வேண்டும். அப்படித் திருப்ப வேண்டியவற்றுக்கு மேடத்தின் கையிலுள்ள தாளில் நட்சத்திரம் போட்டிருக்கும்.*

* அடிக்குறிப்புக்கு நானும் நட்சத்திரம்தான் போட்டிருக்கிறேன். வேறு குறி தோன்றவில்லை. மனைவியிடம் சொல்ல வேண்டாம்.

அன்று காலை அந்தத் தாளை மறுபடி எடுத்தபோதுதான் அவள் கவனித்தாள். போன வருடம், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், நட்சத்திரம் போட்டவற்றை அவள் திருப்பவில்லை. போடாதவற்றைத் திருப்பியிருந்தாள். அந்த வாரம் எழுதிய முப்பத்தொரு பேருக்கும் அப்படியே. வாயாடிகளையெல்லாம் ஊமைக்கோட்டான் என்றும், ஊமைக்கோட்டான்களை வாயாடி என்றும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

3

அந்த முப்பத்தொரு பேரில் நமக்கு ஒருவர் போதும். ஸ்டோர் ரூமில் போல்ட்டும் நட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர். அவர் வணக்கம் சொன்னால் எதிரில் இருப்பவர் "என்ன?" என்று கேட்க வேண்டியிருக்கும். அதனால் ஆபீசில் அவருக்குப் பெயர் மியூட். அவருடைய ரிப்போர்ட்டில் மேடம் எழுதியிருந்தது: 'அசாத்தியத் துணிச்சல். யாரையும் நேருக்கு நேர் எதிர்கொள்வார்.'

முதலாளி அன்றைக்கே அவரைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பட்டனை அழுத்திக் கத்துவார்களே, அந்தக் கத்தல் வந்து சேரும் இடம்.

"யாராவது இருக்கீங்களா? மூச்சு முட்டுது, கதவத் திறங்கய்யா."

"..."

"என்ன? ஒண்ணும் கேக்கல."

"நீங்க கொஞ்சம் மெதுவா பேசுனா கேக்கும் சார்."

அவர் சொல்வது காதில் விழ வேண்டுமென்றால் கத்துகிறவர் கத்தலை நிறுத்தித்தான் ஆகவேண்டும். மூன்றாவது பேச்சில் இரண்டு பேரும் கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள். கதவு திறந்த பிறகும், "ஒரு நிமிஷம் இருங்க, அவர் ஏதோ சொல்லிட்டிருக்கார்" என்று வெளியே வர மறுத்தவர்கள் உண்டு. (நம்ப முடியவில்லையா? எனக்கும்தான் முடியவில்லை. ஆனால் அந்த வரியை அடித்துவிட்டுப் பார்த்தால் அந்த இடம் வெறிச்சென்று இருந்தது.)

இப்போது முதலாளி அவரையே அந்தப் பிரிவுக்குத் தலைவராக்க நினைக்கிறார். அதற்கு மறுசோதனை. இன்று பதினோரு மணிக்கு.

4

மேடம் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"போன வருஷம் முப்பத்தோரு பேருக்குத் தப்பா மார்க் போட்டிருக்கேன்க்கா."

"யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வேலையப் பாரு."

"இன்னிக்கு சரியா போட்டா எங்க மியூட்ட மறுபடியும் நட்டு எண்ண ஸ்டோருக்கே அனுப்பிடுவாங்க. ஏன் மாறுச்சுன்னு கேட்டா என் வேலையும் போயிடும். தெரிஞ்சே தப்பா போட்டா, அப்புறம் நான் எதுக்கு இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்?"

"நீ அன்னிக்கு ஒழுங்கா போட்டிருந்தா அந்த மனுஷன் இன்னும் நட்டு எண்ணிட்டிருப்பாரு. நல்ல காரியத்தக்கூட நீ தெரியாமத்தான் செய்வ போலிருக்கு. வைடி போன, எனக்கு மீட்டிங்."

(இந்த அக்காவை இன்னும் வளர்க்கலாம். ஆனால் இடம் கொடுத்தால் கதையையே பிடுங்கிக்கொள்வாள்.)

5

கைவிட்ட முடிவுகள்.

அவள் மறைத்துவிடுகிறாள். எல்லோரும் சௌக்கியம். (அப்புறம் எனக்கென்ன வேலை?)

முதலாளியிடம் ஒப்புக்கொள்கிறாள். அவர் அவளையும் சோதிக்கச் சொல்கிறார். சோதிக்க அவளை விட்டால் ஆளில்லை. எனவே தன்னைத் தானே உட்காரவைத்து, தனக்குத் தானே பென்சில் கொடுத்து, தன்னை நீக்கும்படி இரண்டு பக்கம் (எழுதும்போது சிரித்தேன். மறுநாள் படித்தபோது அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

அப்போதுதான் உறைத்தது. மேடத்தைக் கேட்டேன், அக்காவைக் கேட்டேன், முதலாளியைக்கூடக் கேட்டேன். மியூட்டை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

6

பதினோரு மணிக்கு அவர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மேடம் தாளையும் பென்சிலையும் வைத்தாள்.

"சார், போன வருஷம் உங்க ரிப்போர்ட்ல ஒரு..."

"தப்பு மேடம்."

அவள் முன்னால் சாய்ந்தாள். "என்ன சொன்னீங்க?"

"முதலாளி அதப் படிச்சுக் காட்டினாரு, தப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வேற யாரோடதோ மாறி வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பயமா இருந்துச்சு."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "ஒரு வருஷமா எப்படி அங்க உக்காந்தீங்க?" என்று கேட்டாள்.

"தெனமும் போன் அடிச்சா எழுந்து ஓடிடலாமான்னு இருக்கும். எடுக்க மாட்டேன்னு சொல்லவும் பயம். அதனால எடுத்துடுவேன். உள்ள இருக்கறவங்க என்னவிட பயந்திருப்பாங்க. அது ஒண்ணுதான் துணை."

"இத இன்னிக்கு மட்டும் எப்படிச் சொல்ல முடிஞ்சுது?"

அவர் யோசித்தார். நானும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தேன். அவருக்குத் தெரியவில்லை.

"அந்த வேலையிலயே இருக்கணுமா உங்களுக்கு?"

"இருக்கணும்."

இதைக் கேட்க அவள் முன்னால் சாய வேண்டியிருக்கவில்லை.

"அப்ப உள்ளத உள்ளபடி குறிங்க. இந்தத் தடவ நான் சரியா திருப்பிப் போடறேன். வர்றது வரட்டும்."

7

முதல் கேள்வி: 'மனதில் பட்டதைத் தயங்காமல் சொல்லிவிடுவேன்.'

இதற்கு நட்சத்திரம் கிடையாது. பதினொன்று அடிக்கும்வரை 'ஒருபோதும் இல்லை' என்பது சத்தியமான பதில். ஐந்து நிமிடம் கழித்து எது உண்மை என்று அவருக்கும் தெரியவில்லை, மேடத்துக்கும் தெரியவில்லை. பென்சில் கட்டங்களின் மேலே நிற்கிறது. எனக்குத் தெரிந்தால் நான் ஏன் உங்களைக் கூப்பிடப் போகிறேன்?

பக்கத்து அறையில் புகார்ப் போன் அடிக்கிறது. அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருப்பவர் எடுத்துவிட்டார். நல்ல கணீர்க் குரல். "கத்தாதீங்க சார்" என்று அவர் கத்துவது இங்கே வரை கேட்கிறது. நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் இருப்பவர் அதைவிடச் சத்தமாகக் கத்துகிறார். மியூட் பாதி எழுந்துவிட்டார், ஆனால் தாளை முடிக்காமல் போகவும் அவருக்குப் பயம்.

ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. பென்சிலை உங்களிடம் கொடுத்துவிட்டேன். சீக்கிரம் குறியுங்கள், அவர் போக வேண்டும்.