பன்னிரண்டாவது குப்பி

"என்ன வேணும்னாலும் மனசுல வச்சுக்காம கேட்டுடணும்" என்று கல்யாணமான மறுவாரம் ஸ்ரீகாந்த் சொன்னான்.

"கேட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாது" என்றாள் மஹதி.

"அது நீ கேட்கிறதைப் பொறுத்தது."

அந்தப் பதிலால்தான் ஒரு வருடமாக அவள் கேட்காமலே இருந்தாள்.

துபாய் ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை. மாதம் ஒருமுறை ஃபுஜைரா மலைக்குள் ஓடும் சிற்றாற்றில் நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளப்பாள். மேலே கல் குவாரி இருக்கிறது. அதன் மண் இறங்கினால் மீன்களின் செவுள் அடைத்துக்கொள்ளும். பன்னிரண்டு மாதமும் அளவு ஐந்தைத் தாண்டாவிட்டால், ஆற்றைக் காக்க அங்கேயே ஒரு நிலையம் வரும்; பொறுப்பு மஹதிக்கு. ஆனால் குடிபோக வேண்டும். ஸ்ரீகாந்தோ துபாயின் கராமாவில், வீட்டுக்குக் கீழேயே இருக்கும் டிபன் கடையை விட்டு நகராதவன்.

பதினொரு மாதம் தாண்டவில்லை. கடைசி அளவீட்டுக்கு லீவு போட்டுவிட்டு அவனே காரோட்டி வந்திருந்தான்.

குப்பியில் நீரை மொண்டு மீட்டரில் வைத்தாள். நாற்பத்தொன்று. கைரேகை பட்டிருக்குமோ என்று குப்பியைத் துடைத்து மறுபடி வைத்தாள். நாற்பத்து மூன்று. ஒரு வருட உழைப்பு. அவளுக்குக் கண் கலங்கியது.

நிமிர்ந்தபோது, நீர் வரும் திசையில், வளைவுக்கு அப்பால், ஸ்ரீகாந்த் பேண்டை மடித்துக்கொண்டு முழங்கால் நீரில் நின்றிருந்தான். ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டான்.

"ஓடுற தண்ணியப் பார்த்துட்டு எப்படிம்மா காலை நனைக்காம வர்றது?"

"என் ரிப்போர்ட் மேல நிக்கறீங்க, ஸ்ரீ."

விஷயம் புரிந்ததும் பூனைபோல் கரையேறி, கால் இரண்டையும் மடக்கிப் பாறையில் உட்கார்ந்துகொண்டான். மண் படிய அரை மணி நேரம் ஆகும் என்றாள். தயிர் சாதம் சாப்பிட்டார்கள். குற்றவாளி தன் பங்கு வடுமாங்காயையும் அவளுக்கே கொடுத்தான். நீர் மெல்லத் தெளிந்து அடியில் கூழாங்கல் தெரிந்தது. விரல் நீள மீன்கள் திரும்பி வந்தன.

இந்த முறை மீட்டரை அவனே உரக்கப் படித்தான். "ஒண்ணு புள்ளி எட்டு. நான் பாஸா?"

"நீங்க இல்ல, ஆறு பாஸ்."

அவன் மீன்களை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கால் மட்டும் நீருக்கு ஒரு சாண் மேலே ஏக்கத்தோடு தொங்கியது. மஹதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு தைரியமும் வந்தது.

"ஸ்ரீ, கராமாவை விட்டுட்டு என்கூட இங்கே குடிவரீங்களா?"