நேரலையில் ஒரு மன்னிப்பு

மேக்கப் போட அவருடைய சட்டைக் காலருக்குள் டிஷ்யூ தாளைச் செருகும்போதுதான் அந்தக் கழுத்தை அடையாளம் கண்டேன். முகம் நிறைய மாறியிருந்தது. மீசையை எடுத்துவிட்டார். சாயம் பூசுவதை நிறுத்தி நரையை அப்படியே வளரவிட்டிருந்தார், அது அவருக்கு ஒரு பெரிய மனிதக் களையைக் கொடுத்திருந்தது. ஆனால் விசாரணை நடந்த நாளெல்லாம் நான் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சிலிருந்து எனக்குத் தெரிந்தது இந்தக் கழுத்து மட்டும்தான். வலது காதுக்குக் கீழே மிளகளவு மச்சம். அவர் குரலை உயர்த்தும்போதெல்லாம் காலருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். என் வீட்டுக்காரரைக் கூண்டில் நிறுத்திவைத்து அவர் பேசிய பேச்சு முழுவதையும் அந்த மச்சத்தைப் பார்த்தபடியே கேட்டவள் நான்.

"மூஞ்சி மினுங்காம பாத்துக்கம்மா. லைட் பட்டா எனக்கு வேர்த்துக் கொட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

என்னை அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. அரசு வக்கீல்கள் முன்னால் இருக்கும் நீதிபதியைத்தான் பார்ப்பார்கள். பின்னால் பெஞ்சில் யார் அழுகிறார்கள் என்று எந்த வக்கீலும் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. இப்போது அவர் அரசு வக்கீலும் இல்லை. கஞ்சாவை மருந்துக்கும், வயது வந்தவர்கள் விருப்பத்துக்கும் அனுமதிக்கும் சட்டம் அடுத்த வாரம் வாக்கெடுப்புக்கு வருகிறது. நிறைவேறினால் கஞ்சா எண்ணெயைக் குப்பியில் அடைத்து விற்கக் காத்திருக்கும் ஒரு கம்பெனிக்குத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை காலை நேரலை விவாதத்தில் சட்டத்தை ஆதரித்துப் பேச வந்திருந்தார். எதிர்த்துப் பேச ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர். அவருக்கு ஏற்கெனவே பவுடர் போட்டு அனுப்பிவிட்டேன்.

எங்கள் பாப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், கை அப்படியே நின்றுவிடும், கண் மேலே போகும். பிறகு உடம்பு முழுக்க உதறும். டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையெல்லாம் அவளைத் தூங்க வைத்தன, வலிப்பை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் பழக்கமான இன்னொரு பிள்ளையின் அம்மாதான் அந்த எண்ணெயைப் பற்றிக் காதோடு சொன்னாள். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாதவர், வேனில் ஹாரன் அடிக்கக்கூட யோசிப்பார். அந்த மனிதர் எங்கிருந்தோ விதை வாங்கிவந்து மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாலு தொட்டியில் செடி வளர்த்தார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் இறக்கக் கற்றுக்கொண்டார். சொட்டு மருந்து மாதிரி நாக்கடியில் விடுவோம். பாப்பா முதல் தடவையாக ஒரு வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் போனாள். படிக்கட்டில் தனியாக இறங்கினாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்துக் கட்டடத்தில் யாரோ வாடை அடிக்கிறது என்று புகார் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

எங்கள் தரப்பு வக்கீல் பாப்பாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை நீட்டியபோது அரசு வக்கீலாக நின்ற இவர் அவற்றை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஒருவன் வீட்டில் போதைச் செடி வளர்க்கிறான், அதற்குப் பெற்ற மகளின் நோயைப் பர்தாவாகப் போட்டுக்கொள்கிறான் என்றார். இன்று இவன்மேல் இரக்கப்பட்டால் நாளை ஒவ்வொரு வீட்டு மாடியிலும் செடி நிற்கும் என்றார். அந்த வரிக்கு நீதிமன்றத்தில் லேசான சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்தார். அது எனக்கு மறக்கவே இல்லை. தண்டனையைக்கூட ஒரு மாதிரி ஜீரணித்துவிட்டேன். அவர் காத்திருந்த அந்தக் கணம் தொண்டையிலேயே நிற்கிறது.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அவரை மனதுக்குள் எத்தனையோ விதமாகக் கொன்றிருக்கிறேன். பாத்திரம் தேய்க்கும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, ஏதோ ஒரு நடிகையின் புருவத்தைத் திருத்தும்போது. அந்த ஆள் இப்போது கழுத்தை மல்லாத்தி என் கைக்குள் கிடக்கிறார். ரேசர் பிளேடும் சின்னக் கத்தரிக்கோலும் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் என் கை பவுடர் டப்பாவுக்குத்தான் போனது. போய், மூடியைத் திறக்காமல் திரும்பி வந்தது.

ஃபவுண்டேஷன் பூசினேன். அதன் மேல் எண்ணெய்ப் பசை உள்ள க்ரீமை நெற்றியிலும் மூக்கோரத்திலும் மேலுதட்டிலும் ஒத்தினேன். பவுடர் போடவில்லை. அறைக் கண்ணாடியில் முகம் பளிச்சென்று பத்து வயது குறைந்து தெரிந்தது. அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கைராசிக்காரி" என்றார்.

ஸ்டுடியோ வாசலில் இருந்த மானிட்டர் முன்னால் நின்று பார்த்தேன். விளக்குகள் சுட ஆரம்பித்ததும் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. நெற்றி ஈரத் தரைபோல் மின்னியது. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாகக் கோத்தது. அவர் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வலிப்புள்ள குழந்தைகள், புற்றுநோயில் சாப்பாடு இறங்காதவர்கள், திருட்டுத்தனமாக வாங்கி ஜெயிலுக்குப் போகும் அப்பன் ஆத்தாக்கள் என்று நான் அன்று கேட்க ஏங்கிய ஒவ்வொரு வார்த்தையும் இன்று அவர் வாயிலிருந்து வந்தது. ஆனால் திரையில் பார்க்கிறவனுக்குப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் முகம்தான் தெரிந்தது. எதிரே போலீஸ் அதிகாரி காய்ந்த கட்டைபோல் உட்கார்ந்திருந்தார். மருந்து என்று சொல்லி உள்ளே நுழையும், பிறகு பொழுதுபோக்கு என்று நாற்காலி போட்டு உட்காரும், போதையில் வண்டி ஓட்டிச் செத்தவர்களை ரோட்டிலிருந்து அள்ளியவன் நான் என்று நிதானமாகச் சொன்னார். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். திரையின் ஓரத்தில் நேயர்கள் போன் வழியாகப் போட்ட வாக்கு, ஆதரவு பச்சையும் எதிர்ப்பு சிவப்புமாக ஏறி இறங்கியது. பச்சை கரைந்துகொண்டே வந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கரை, நல்லாக் கரை என்றேன்.

அப்போதுதான் கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. முதல் வரிசையில் ஒரு பெண். மடியில் பையன். விழுந்தால் அடிபடாமலிருக்கத் தலையில் மாட்டும் மெத்தைத் தொப்பி. பாப்பாவுக்கும் அப்படி ஒன்று இருந்தது. அந்தப் பெண் விவாதம் செய்பவர்களைப் பார்க்கவில்லை. வாக்குக் கணக்கு ஓடும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை ஒரு கோடு இறங்கும்போது பையனை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

விளம்பர இடைவேளை வந்தது. ஃப்ளோர் மேனேஜர் ஓடிவந்தாள். அவள் குரலுக்காக நாங்கள் அவளுக்கு வைத்த பேர் சைரன். முகம் வடிகிறது, என்ன செய்துவைத்திருக்கிறாய், போய் ஒற்றி எடு என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

போனேன். டிஷ்யூவை நெற்றியில் வைத்து அழுத்தினேன். காதருகே குனிந்து, "சார், நான் அந்த ஸ்கூல் வேன் டிரைவரோட பொண்டாட்டி. மாடியில நாலு தொட்டிச் செடி. நீங்கதான் உள்ள அனுப்புனீங்க" என்றேன்.

அவர் முகத்தை அசைக்காமல் யோசித்தார். "எந்த கேஸும்மா? நிறைய இருந்துச்சு."

நான் பேசினேன். கை பாட்டுக்கு ஒற்றியது, பவுடர் போட்டது, தட்டியது. வாய் பாட்டுக்குச் சொன்னது. எண்ணெய் நின்றதும் வலிப்பு பழையபடி வந்துவிட்டதைச் சொன்னேன். ஒருநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பப் போனபோது அவள் குப்புறக் கிடந்ததைச் சொன்னேன். பத்து வயது, உயரம் என் தோள் வரைக்கும். என் வீட்டுக்காரரைக் கைவிலங்கோடு கொண்டுவந்தார்கள், பிள்ளையைத் தூக்க விடவில்லை, குனிந்து தன் கன்னத்தால் அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார் என்றேன். இவர் முகம் வெளுத்தது பவுடரினாலா தெரியவில்லை. சைரன் எண்ண ஆரம்பித்துவிட்டாள். இதைச் சுமந்துகொண்டு பேசு பார்ப்போம் என்று நினைத்தபடி நான் கேமராவுக்குப் பக்கத்தில், அவர் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொண்டேன்.

நெறியாளர் கேள்வி கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆள் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் மெதுவாக. "இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல."

பிறகு சொன்னார். வேன் ஓட்டுகிற ஒரு தகப்பன். மாடியில் நாலு செடி. ஆறு வயதுப் பெண் குழந்தை என்றார். பத்தைவிட ஆறுக்குக் கனம் அதிகம் போலிருக்கிறது. கைவிலங்கோடு குனிந்து காலைத் தொட்டதை எழுந்து நின்று கையால் செய்தே காட்டினார். நான் மூன்று நிமிடத்துக்கு முன் சொன்னது அவர் வாயில் பல வருடப் பாரமாக மாறியிருந்தது. இரவெல்லாம் தூங்காமல் தவித்தாராம். ஒருநாள் எங்கள் வீட்டைத் தேடி வந்தாராம். "அந்தத் தாய் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். 'நீங்க என்ன சார் பண்ணுவீங்க, சட்டம் அப்படி'ன்னு என்னை மன்னிச்சு அனுப்புனாங்க. அந்த மன்னிப்புதான் இன்னைக்கு என்னை இங்க உக்கார வச்சிருக்கு."

கண்ணீர் வந்தது. நிஜக் கண்ணீர்தான். நான் போட்ட பவுடரைக் கலைக்காமல் அழகாக இறங்கியது. போலீஸ் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் வரிசைப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். பச்சை ஏறியது. விறுவிறுவென்று ஏறியது.

ஒப்பனை அறைக்குத் திரும்பி நடக்கையில் போன் அடித்தது. என் வீட்டுக்காரர். ஜெயிலிலிருந்து வந்தபிறகு பிள்ளைகளை ஏற்றும் வண்டி எதையும் யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். அங்கே கடையில் டிவி ஓடியிருக்கிறது.

"அந்த ஆளு எப்ப நம்ம வீட்டுக்கு வந்தான்?"

"வரல."

"நீ மன்னிச்சியா?"

"இல்லங்க."

பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. பிறகு, சட்டம் வந்துடுமா என்று கேட்டார். வந்துவிடும் போலத்தான் இருக்கிறது என்றேன்.

"அப்ப நீ வெளிய ஒண்ணும் சொல்லிடாத. மத்த பிள்ளைங்களுக்காவது கிடைக்கட்டும்."

அவர் குரலில் கோபமே இல்லை. அந்த மனிதரிடமிருந்து கோபத்தையும் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து அது என்னிடம்தான் இருந்தது, இப்போது அதைக் கொண்டுபோய் வைக்கவும் இடமில்லை.

அந்த ஆள் உள்ளே வந்து தானாகவே நாற்காலியில் சாய்ந்தார். அடுத்து ஒரு கூட்டம் இருக்கிறதாம், மேக்கப்பைத் துடைத்துவிடச் சொன்னார். வெளியே ஆட்கள் அவருக்காகக் காத்துக்கொண்டு சத்தமாகப் பேசுவது கேட்டது. நான் கதவைச் சாத்தித் தாழிட்டேன். கோல்டு க்ரீமைக் கை நிறைய அள்ளி முகமெங்கும் அப்பினேன். இமைகளின் மேல் இன்னும் தடிமனாக.

"கண்ணத் தொறக்காதீங்க சார், எரியும்."

"நீ பெரிய உதவி பண்ணியிருக்கம்மா இன்னைக்கு."

"நான் எப்ப சார் உங்கள மன்னிச்சேன்?"

வெள்ளைக்குள் உதடு மட்டும் அசைந்தது. "முடிவு நல்லா இருந்தாத்தான் ஜனங்க மனசு இறங்கும். நல்லதுக்குத்தானே சொன்னேன். நீ வெளிய போய்ச் சொன்னா யாருக்கு நஷ்டம்னு உனக்கே தெரியும்."

"சொல்ல மாட்டேன்."

"அதான் புத்திசாலித்தனம். துண்டக் குடு."

துண்டு என் கையில்தான் இருந்தது. மேஜைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை எடுத்து எட்ட வைத்தேன்.

"கேளுங்க" என்றேன்.

"துண்டு கேட்டேனேம்மா."

"துண்டு இல்ல. நான் குடுத்துட்டதா ஊருக்கே சொன்னீங்களே, அத."

சிரிக்கப் பார்த்தார். க்ரீம் உதட்டுக்குள் போனது, துப்பினார். கண்ணைத் திறக்க முயன்று எரிந்து மறுபடி இறுக்கிக்கொண்டார். வெளியே யாரோ கதவைத் தட்டி, கார் வந்தாகிவிட்டது என்றார்கள். அவர் கூப்பிட வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று எதைச் சொல்லிக் கூப்பிடுவது? வலது கை மேஜைமேல் துழாவத் தொடங்கியது. பிரஷ் வைத்திருந்த ஜாடி சாய்ந்து உருண்டது, சீப்பு கீழே விழுந்தது, விரல்கள் கண்ணாடியைத் தொட்டு அங்கே வெள்ளையாக ஐந்து கோடு இழுத்தன.

நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுபடியும் தட்டினார்கள். சுற்றிலும் பல்புகள் எரியும் கண்ணாடிக்குள் கண்ணும் புருவமும் இல்லாத அந்த வெள்ளை முகத்தில், வாய் இருந்த இடம் மெல்லத் திறந்தது.