பத்தாவது தகவலாளி

2019 ஆகஸ்ட் பதினான்காம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்றே காலுக்குப் பேராசிரியர் தாணுமாலயன் ஓர் அடிக்குறிப்பைச் சிவப்பு மையால் வெட்டியதில், திருவனந்தபுரத்தில் சாலை என்று பேர்பெற்ற கடைவீதியில் ஒரு சந்து இல்லாமல் போயிற்று. பெரிய சந்து ஒன்றுமில்லை. வெங்காய மொத்தக்கடைக்கும் கயிற்றுக்கடைக்கும் நடுவே, இரண்டு பேர் ஒதுங்கி நடக்கிற அகலம். உள்ளே ஒரு வெற்றிலைக்கடை, ஒரு பூட்டு ரிப்பேர்க்காரர், எந்நேரமும் கொஞ்சம் மூத்திர வாடை. பதினொன்றே கால் வரைக்கும் இருந்தது. பிறகு வெங்காயக்கடைச் சுவரும் கயிற்றுக்கடைச் சுவரும் ஒட்டிக்கொண்டன. வெற்றிலைக்கடைக்காரர் எப்படியோ வெளியே நின்றிருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் சுவர்கள் ஒட்டித்தான் இருந்தன. கடைவீதிக்காரர்களுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது, ஓணச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அடிக்குறிப்பை எழுதியவள் ஆர்ஷா. சாலையில் நாற்பது வருடம் மூட்டை தூக்கிய தங்கையனின் ஒரே மகள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்த மனுஷர் அவர். மனைவி பார்வதியம்மாள், மகள் பிளஸ் டூ படிக்கும்போது மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு அந்த வாடகை வீட்டில் சோறு வடித்தது, மகளுக்குத் தலை பின்னிவிட்டது, மலையாளத்தில் அச்சடித்த பள்ளிக்கூடக் காகிதங்களில் தமிழில் கையெழுத்துப் போட்டது எல்லாம் தங்கையன்தான். அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த அன்று சுமைத் தொழிலாளர் யூனியன் ஷெட்டில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். அது என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கு, "பெரிய படிப்புவே. முடிச்சான்னா நம்மளயே பொஸ்தகத்துல போட்டுருவா எம்மவ" என்று விளக்கமும் சொன்னார். சொன்னதில் தப்பில்லை. சாலையின் தமிழ்ச் சுமைத் தொழிலாளர்கள் பேசும் தொழில் வார்த்தைகள், தலைச்சுமையோடு வழி கேட்டுக் கூவும் கூவல்கள், இறக்கி வைத்து மூச்சு வாங்கும் இடங்கள், இதுதான் அவளுடைய ஆய்வு.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. அவளுக்கு வழிகாட்டியான தாணுமாலயன் சார் ஆய்வேட்டில் வெட்டியது ஊரிலும் வெட்டுப்படும். கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுசீந்திரத்துக்காரர், சாது, ஒருவரையும் அதட்டியதில்லை, ஒற்றுப்பிழையைக் கண்டால் மட்டும் முகம் வாடும். அதுதான் பயமே. கெட்டவர் என்றால் எப்போதாவது அசந்துபோவார். இவர் ஒரு வரி விடாமல் படிப்பார். ஆர்ஷாவுக்கு ஒரு வருடம் மூத்த ஷெமி, விழிஞ்ஞத்துப் பெண், கடற்காற்றுகளைப் பற்றி எழுதினாள். பட்டியல் நீளம் என்று சார் இரண்டு காற்றுகளை வெட்டினார். அந்த இரண்டும் அதற்குப்பின் விழிஞ்ஞத்தில் வீசவில்லை. ஷெமியின் அப்பா ஒரு வாரம் கரையில் நின்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு மிச்சமிருக்கிற காற்றை வைத்துக்கொண்டு வள்ளம் இறக்கினார். நெடுமங்காட்டுப் பையன் சுனில் ஒரு நாட்டு வைத்தியரைப் பேட்டி கண்டான். பேட்டியில் பாதி வெட்டுப்பட்டதில் வைத்தியருக்குப் பாதி மருந்து மறந்துவிட்டது. இப்போது தேள்கடிக்குப் பார்ப்பார், பாம்புக்கடி என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

புகார் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆய்வு மாணவர் எந்த விண்ணப்பம் கொடுத்தாலும் வழிகாட்டி மேலொப்பம் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஒருத்தி துணிந்து எழுதிக் கொடுத்தாள். சார் பொறுமையாகப் படித்தார், கூறியது கூறல் என்று மூன்று பத்திகளை வெட்டினார், ஒப்பமிட்டு அனுப்பினார். தனக்கு என்ன மனக்குறை இருந்தது என்று அதற்குப்பின் அவளுக்கே ஞாபகம் வரவில்லை. ஆலப்புழைப் பக்கம் ஒரு கல்லூரியில் சந்தோஷமாக இருப்பதாகக் கேள்வி.

ஆகவே அந்தத் துறையில் ஒரு முறை உருவாகியிருந்தது. போனால் போகட்டும் என்று விடக்கூடியதை மட்டும் எழுதுவது. ஆய்வேடுகளில் மேற்கோளாக அடுக்குவார்கள். யாருக்கும் வேண்டாத விஷயங்களை அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவார்கள். நன்றியுரையில் தாய் தகப்பன் பெயரை எவரும் போடுவதில்லை. நூலகத்துக்கு நன்றி சொல்வார்கள், மின்விசிறிக்கு நன்றி சொன்னவர்களும் உண்டு. வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள், இந்தத் துறைப் பிள்ளைகளுக்கு என்ன அடக்கம் என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

ஆர்ஷாவுக்கு இந்த முறை பிடிபடுவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. சேர்ந்த மூன்றாம் மாதம் ஆய்வுச் சுருக்கத்தோடு, ஆய்வுக்குத் தகவல் சொல்லும் தகவலாளிகளின் பட்டியலையும் கொடுக்க வேண்டும். குறைந்தது பத்துப் பேர். ஒன்பது பேர் தேறினார்கள். பத்தாவதாகச் சொல்லிவைத்திருந்த பேச்சிமுத்து, ஊரில் கோயில் கொடை என்று கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் கடைசித் தேதி. ஆள் குறையும்போது ஆய்வு மாணவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், வீட்டில் இருந்த ஆளைப் போட்டாள். தங்கையன், வயது 58, சுமைத் தொழில். அதற்கடுத்து 'ஆய்வாளருடன் தொடர்பு' என்று ஒரு கட்டம். மற்றவர்கள் எழுதுவதுபோல 'கள ஆய்வில் அறிமுகம்' என்று எழுதித் தொலைத்திருக்கலாம். பொய் சொல்லிப் பழகாத பிள்ளை, 'தந்தை' என்று எழுதிவிட்டாள். பதிவாகிவிட்டது. பதிவான பட்டியலும் ஆய்வேட்டில் வருகிற பட்டியலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். மாணவர் மாற்றினால் செல்லாது, வழிகாட்டி தம் கையால் வெட்டி ஒப்பமிட்டால் மட்டும் செல்லும். இரத்த உறவினரைத் தகவலாளியாகக் கொள்ளலாகாது என்று துறைக் கையேட்டில் ஒரு விதி இருப்பதை அவள் இரண்டு வருடம் கழித்து நூலகப் படிக்கட்டில் நின்றபடி படித்தாள். படித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னிணைப்பைச் சார் கடைசியில்தான் பார்ப்பார். அதனால் அவள் ஏட்டை முடிக்காமல் இழுத்து, கடைசி என்பது வராமல் பார்த்துக்கொண்டாள். இயல்களில் அப்பா சொன்ன வார்த்தைகளையெல்லாம் சார் பேனாவில் படாதபடி தேடித்தேடி நீக்கினாள். ஆய்வின் நல்ல பக்கங்கள் அவைதான், பரவாயில்லை என்று எடுத்தாள். இயல் ஒன்று சார் மேசைக்குப் போனால் அன்றைக்குச் சாலைக்கு ஓடுவாள், எது இருக்கிறது எது போயிற்று என்று பார்ப்பாள். மூன்றாம் இயலில் ஒரு கூவல் போயிற்று. அன்று முதல் மூட்டையோடு வருகிறவர்கள் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. வண்டியைக் கையால் தட்டி வழி கேட்டார்கள். நான்காம் இயலில் ஓர் ஆள் போனார். ஐந்தாம் தகவலாளி இசக்கியின் பேட்டி போதாது என்று சார் அவர் பெயரை வெட்டிய நேரம், இசக்கி அரிசிக்கடை வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பீடி கீழே விழுந்தது, தீக்குச்சி கொஞ்சநேரம் எரிந்து அணைந்தது. வீட்டில் அவர் மனைவி அன்று அரிசியைக் கொஞ்சம் குறைத்து உலையில் போட்டாள். இப்படி ஒரு ஆளு இருந்தாருல்லா என்று பக்கத்து வீட்டில் கேட்டாள், ஆமா என்றார்கள், அதோடு சரி.

அன்றிலிருந்து ஆர்ஷாவுக்குத் தூக்கம் போயிற்று. சார் பேனாவைத் திறக்கும் நேரம் காலை பதினொன்று என்பதால், தினமும் பதினொன்றுக்கு அப்பாவுக்குப் போன் போடுவாள். எங்கே இருக்கீங்க என்பாள். "எங்கட்டி இருப்பேன், ஷெட்டுலதான். ஒனக்கு என்ன பயம், நான் என்ன ஓடியா போவேன்" என்று தங்கையன் சிரிப்பார். விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஒன் படிப்பு முடியட்டும்ட்டி, என்னைய வெட்டுனா வெட்டட்டும் என்பார் என்று அவளுக்குத் தெரியும். அதற்கும் பயந்தாள்.

வருடங்கள் அதன்பாட்டுக்குப் போயின. ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர் வேலை கிடைத்தது. ஒவ்வொரு ஜூனிலும் அதே நாற்காலிக்கு மறுபடி நேர்முகம் போய் உட்கார வேண்டும். பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பட்டம் முடித்த இளையவர்கள் நிரந்தரமாகி அவளைத் தாண்டிப் போனார்கள். முப்பத்திரண்டு வயதில் முன்நெற்றி நரைத்தது. ஓணத்துக்கு ஓணம் அப்பா முடிஞ்சுட்டா என்று கேட்பார், கடைசிக் கட்டம் என்பாள். 2024-ல் நிரந்தரப் பணியிடம் ஒன்றுக்கு அறிவிப்பு வந்தது. முனைவர் பட்டம் இல்லாதவர்கள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்றது. அதே வருடம் செப்டம்பர் முப்பது, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணியோடு அவளுடைய எட்டு வருடப் பதிவும் முடிகிறது. அதற்குமேல் தள்ளிப்போட நாள் இல்லை.

அன்று மாலை நாலு மணிக்குச் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பின்னிணைப்புக்கு வந்தார். பேனா பத்தாவது வரிசையில் நின்றது.

"தந்தைன்னு போட்டிருக்கே."

"ஆமா சார்."

"சொந்தக்காரங்கள வைக்கப்படாதுல்லா. தேர்வாளர் கண்ணுல பட்டா மொத்தமும் திரும்பி வந்துரும் பாத்துக்கோ" என்று வருத்தமாகச் சொல்லியபடியே, தங்கையன் என்ற பெயரின் முதலெழுத்துக்கு மேல் முனையைக் கொண்டுபோனார். ஆர்ஷா பெயரின்மேல் கையை வைத்து மூடினாள். எட்டு வருடத்தில் அந்த மேசையை அவள் தொட்டதில்லை.

"ஆளை வெட்டாதீங்க சார்."

சார் பேனாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். "நானும் ஒரு பட்டியல் குடுத்தவன்தாம்மா. எங்க சார் வெட்டுனாரு. அம்மைன்னு ஒருத்தி இருந்தது ஞாவம் இருக்கு, மொகம் இல்ல" என்றார், ரேஷன்கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்கிற குரலில். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலே கால் ஆவப்போவுது. என்ன செய்யச் சொல்லுதே?"

ஆய்வேட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. அடுத்த ஜூனும் அதற்கடுத்த ஜூனும் நேர்முக அறை வாசலில் உட்கார்ந்திருக்கும் தன்னையும் கண்டாள். அவள் எழுந்திருக்கவில்லை. கையைப் பெயரின் மேலிருந்து எடுத்து, விரலைக் கடைசிக் கட்டத்தில் வைத்தாள்.

"விதி உறவைத்தானே சார் வேண்டாங்குது. இந்த ஒரு வார்த்தையை மட்டும் வெட்டினாப் போதும்லா. ஆளு இருக்கட்டும்."

சார் பேனாவை மூடினார். அப்படி அவர் பாதியில் மூடி யாரும் பார்த்ததில்லை. நல்லா யோசிச்சியா என்று கேட்டார். யோசித்ததாகச் சொன்னாள். மறுபடி திறந்து, 'தந்தை' என்பதை ஒரே கோட்டில் வெட்டி, மேலே பொடியெழுத்தில் 'கள ஆய்வில் அறிமுகம்' என்று எழுதி ஒப்பமிட்டார். நாலு ஐம்பதுக்கு அலுவலகத்தில் கிளார்க் ஷிபு சீல் குத்தி வாங்கிக்கொண்டு வாழ்த்தும் சொன்னார்.

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்திருந்தது. தங்கையன் உள்ளே உட்கார்ந்து சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். முழுசாக இருந்தார், இருமினார், நிமிர்ந்து பார்த்தார். அப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள்.

"யாரு, டீச்சரா? வாங்க வாங்க" என்று அவசரமாக எழுந்து, தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்தார். "நானே போன் பண்ணணும்னு நெனச்சேன். கொஞ்சம் துணியும் பொஸ்தகமும் இங்க கெடக்கு, ஒங்களுதா பாருங்க. எப்பிடி வந்துச்சுன்னே தெரியல." வாசல் ஓரத்தில் இரண்டு மூட்டைகள், அடுத்தவர் சரக்குக்குப் போடும் கவனமான முடிச்சோடு இருந்தன. ஆர்ஷாவுக்கு அழக்கூடப் பயமாக இருந்தது. அழுதால் இந்த மனுஷர் ஒரு வேற்றுப் பெண்ணைத் தேற்றுவதுபோலத் தேற்றுவார். குனிந்து எடுக்கப் போனாள். "நீங்க தூக்கப்படாது, இருங்க" என்று அறுபத்தாறு வயதில் இரண்டையும் தலையில் ஏற்றிக்கொண்டுபோய் ஆட்டோவில் வைத்தார், பத்திரமா போங்க டீச்சர் என்றார்.

மறு வருடம் வாய்மொழித் தேர்வு நல்லபடி முடிந்தது. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலையும் ஆயிற்று. அக்கம்பக்கத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒரு மகள் இருந்தாள், இப்போது ஒரு டீச்சர் வந்துபோகிறாள், நகரத்தில் இதெல்லாம் சகஜம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சாலைக்குப் போவாள். அச்சான ஆய்வேட்டில் தன் பெயரைத் தங்கையன் விரலால் தடவிப் பார்த்து, ஷெட்டில் எல்லோரிடமும் காட்டினார். அவளும் தகவலாளியிடம் கேட்பதுபோல அவர் முதுகுவலி, சாப்பாடு, தூக்கம் எல்லாம் கேட்டுக்கொள்வாள். எங்களுக்குப் பிள்ளை இல்ல டீச்சர், வீட்டுக்காரியும் போயிட்டா, என்று ஒருநாள் அவர் தானாகச் சொன்னார். பிறகு டீக்கடை பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, ஒங்க அப்பா இருக்காரா என்று கேட்டார்.

இருக்கிறார் என்றாள். சாலையில் மூட்டை தூக்கியவர் என்றாள்.

"சாலையிலயா? பேரச் சொல்லுங்க. நாப்பது வருசமா இங்க கெடக்கேன், எனக்குத் தெரியாத ஆளா?"

"தங்கையன்."

"அட, எம் பேருல இன்னொரு ஆளா" என்று அவர் யோசித்தார். "பாத்த ஞாவம் இல்லையே. நல்ல மனுசனா?"

"ரொம்ப நல்ல மனுசர்."

"அப்பம் ஒருநாள் கூட்டிட்டு வாங்க டீச்சர். சேந்து சாயா குடிப்போம்."

சரி என்று அவள் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் தங்கையன் மூன்று சாயா சொல்கிறார். மூன்றாவது ஆறுகிறவரைக்கும் இருவரும் ரோட்டைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். இன்னிக்கும் வேலையாயிருக்கும் பாவம் என்று அவர் சொல்வார், அவள் ஆமாம் என்பாள், பிறகு அதைப் பாதிப் பாதியாக ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள்.