கம்பளி அடைத்த சக்கரம்

அந்த டிராக்டரின் முன்சக்கரத்தில் காற்று இறங்கத் தொடங்கி ஒரு மாதமாகியிருந்தது. ஒரேயடியாக இறங்கியிருந்தால் யாராவது கழற்றிப் பார்த்திருப்பார்கள். சாயங்காலம் நிறுத்தும்போது உருண்டையாக இருக்கும். காலையில் வந்து பார்த்தால் தரையோடு படிந்து கிடக்கும். பம்பு அடித்தால் மறுபடி பொழுதுக்கும் ஓடும். அதனால் தாயிபும் அவன் தம்பி லஸ்ஹரும் பம்பு அடித்தே காலத்தைக் கடத்தினார்கள்.

அப்பா விட்டுப்போன டிராக்டர். இருவருக்கும் பொது. இலந்தை முள் குத்தியது யார் ஓட்டும்போது என்பதில்தான் சண்டை.

"நீதான் வேலி ஓரமா ஒட்டி ஒட்டி ஓட்டினே" என்பான் தாயிப்.

"வேலி யாரோடது? உன்னோட இலந்தை. வெட்டுன்னு அப்பா இருக்கும்போதே சொன்னாரு" என்பான் லஸ்ஹர்.

பேஜா நகருக்கு வடக்கே உள்ள குன்றுகளில் ஜூன் மாதம் இப்படித்தான். கோதுமை முற்றி நிற்கும். அறுவடை இயந்திரம் ஒவ்வொரு ஊராக வந்துகொண்டிருக்கும். நம் முறை வருவதற்குள் ஆளுக்கு ஆள் எரிந்து விழுவார்கள். இயந்திரம் மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் டிரெய்லரை இழுக்க டிராக்டர் வேண்டும். அதனால் அன்று மதியம் லஸ்ஹர் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கழற்றிப் போட்டான்.

டியூபை ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். போன வருஷமே ஒட்டிய இரண்டு ஒட்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஓரிடத்திலிருந்து சிறு குமிழிகள் வந்தன. உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயட்டும் என்று வைத்துவிட்டு டயரின் உட்பக்கத்தைக் கையால் தடவினான். அவன் மனைவி மபுரூக்கா கந்தலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கையை விடாதீங்க. துணியை விட்டுத் தேய்ங்க. முள்ளு இருந்தா துணி மாட்டும்."

துணி மாட்டியது. உடைந்து உள்ளேயே தங்கியிருந்த முள்நுனி, அரிசி அளவுகூட இல்லை. ஒட்ட ஒட்ட அதுதான் மறுபடி மறுபடி குத்தியிருக்கிறது. லஸ்ஹர் அதைக் குறட்டால் பிடுங்கி, அண்ணன் பார்க்கட்டும் என்று கல்லின்மேல் வைத்தான்.

தாயிப் வந்தவன் முள்ளைப் பார்க்கவில்லை. தெற்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என்னடா தூசி?"

தூசி அல்ல. பள்ளத்தாக்குக்குக் கீழே, பார்லி அறுத்து முடிந்த தாள்காட்டுக்கு அப்பால், மண்ணிறத்தில் ஒரு புகை படுத்து ஓடி வந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே பாலைவனத்துப் பக்கமிருந்து அனல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அது நேராக அவர்கள் முகத்தில்தான் அடித்தது.

தாயிப் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டான். அங்கே எடுத்தவன் நல்லவிதமாகத்தான் பேசினான். எல்லா வண்டியும் வேறொரு மலையில் நிற்கிறது, முடிந்ததும் அனுப்புகிறேன், பெண்டுபிள்ளைகளை வெளியேற்றுங்கள் என்றான்.

தாயிபின் மனைவி சயீதா பிள்ளைகளையும் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு மேலே மொட்டைப் பாறைக்குப் போனாள். மபுரூக்காவையும் கூப்பிட்டாள். அவள் அசையவில்லை.

வீடுகள் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. அவற்றுக்குக் கீழே சரிவில் லஸ்ஹரின் கோதுமை. அதற்கு மேற்கே வரப்பைத் தாண்டித் தாயிபின் கோதுமை. இரண்டு வயலின் கீழ்விளிம்பையும் கிழக்கே வண்டிப்பாதையிலிருந்து மேற்கே ஓடைக்கல் வரை உழுது, வெறும் மண்ணாகப் புரட்டிவிட்டால் தீ அங்கே நிற்கும். அதற்கு டிராக்டர் ஓட வேண்டும். டிராக்டரோ ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கல்மேல் உட்கார்ந்திருந்தது.

"ஒட்டை வை" என்றான் தாயிப்.

"சொல்யூஷன் காயல அண்ணே."

"அது காயற வரைக்கும் தீ நிக்குமா? வைடா."

ஒட்டை வைத்தான். சுத்தியலால் தட்டினான். டியூபை உள்ளே திணித்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு கம்பியால் டயர் விளிம்பை நெம்பினார்கள். அவசரத்தில் லஸ்ஹர் அளவுக்கு மீறி அழுத்தினான். கம்பி வழுக்கி உள்ளே இறங்கியது. பம்பு அடித்தார்கள். அடித்த காற்றெல்லாம் வால்வு ஓரமாகவே சீறி வெளியே வந்தது.

திரும்பக் கழற்றினார்கள். வால்வின் அடியில் டியூப் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் எந்த ஒட்டும் நிற்காது. பஞ்சர் கடைக்காரனே அதைப் பார்த்தால் தூக்கி எறிவான். மாற்று டியூப் வீட்டில் இல்லை. ஊருக்குப் போகும் பாதை தீயின் பக்கம் இருந்தது.

லஸ்ஹர் கிழிந்த டியூபை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "முடிஞ்சுது" என்றான். "ஒரு மாசம் பம்பு அடிச்சோம். அன்னிக்கே கழட்டியிருந்தா..."

"எந்திரி. அழுவறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு." தாயிபின் குரலிலும் வலு இல்லை. "ரெண்டு பேரும் மம்பட்டியாலயாவது..." என்று தொடங்கியவன் வயலின் நீளத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மபுரூக்கா வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய மூட்டையை இழுத்து வந்தாள். ஓடையில் அலசி, வெயிலில் உலர்த்தி, குச்சியால் அடித்துப் பஞ்சாக்கிய ஆட்டுக் கம்பளி. இலையுதிர் காலத்தில் மகளுக்குக் கல்யாணம். மெத்தைக்கென்று இரண்டு வருஷமாகச் சேர்த்தது.

"காத்து இல்லன்னா என்ன. இதை அடைங்க."

லஸ்ஹர் அவளைப் பார்த்தான். "நம்ம மகளோட மெத்தை."

"வீடே போச்சுன்னா மெத்தையை எங்க போடுவா? அடைங்க மச்சான்" என்று தாயிபைப் பார்த்துச் சொன்னாள். "வைக்கோல் வேணாம், பத்திக்கும். கம்பளி சீக்கிரம் பத்தாது."

அவளே தொட்டித் தண்ணீரில் கம்பளியை முக்கி எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் மண்வெட்டிக் காம்பால் டயருக்குள் குத்திக் குத்தி இறக்கினார்கள். போகப் போக அது விழுங்கிக்கொண்டே இருந்தது. இனி ஒரு பிடிகூட இறங்காது என்ற நிலையில் விளிம்பை நெம்பி ரிம்முக்குள் ஏற்றினார்கள். தாயிபின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்குள் புகை வாசனை தொண்டைக்குள் வந்துவிட்டது. தாள்காட்டின் மறுகோடியில் தீயின் நாக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன.

தாயிப் ஏறி உட்கார்ந்தான். டிராக்டர் நொண்டி நொண்டி வண்டிப்பாதைக்கு இறங்கி, பின்னால் மாட்டிய கலப்பையை மண்ணில் குத்தியது.

லஸ்ஹரின் வயலடியில் ஒருமுறை போய், திரும்பி வந்து, பக்கத்திலேயே மறுபடி போனான். மண் புரண்டது. லஸ்ஹர் சக்கரத்தின் பக்கத்திலேயே ஓடினான். விளிம்பு பிதுங்கிய இடத்தில் கம்பியால் உள்ளே தள்ளினான். மபுரூக்கா பின்னால் வந்து, கலப்பை விட்டுப்போன தாள்களை மண்வெட்டியால் மூடினாள். லஸ்ஹரின் பங்கு முடிந்தது. இனி வரப்பைத் தாண்டி அண்ணன் வயலின் அடி.

வரப்புக்கு வந்ததும் டிராக்டர் நின்றது.

ஓடைப் பக்கமாக ஒரு நெருப்பு முந்திக்கொண்டு வந்திருந்தது. தாயிபின் வயலில் கீழ்க்கோடி மூலை பிடித்துவிட்டது. முற்றிய கோதுமை வெடித்து எரியும் சத்தம் கேட்டது.

"போண்ணே" என்று கத்தினான் லஸ்ஹர். "பாதியையாவது அறுத்து நிறுத்தலாம். போ."

தாயிப் தன் வயலைப் பார்த்தான். அந்த நேரம் அவன் முகம் எப்படி இருந்தது என்பதை லஸ்ஹர் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. பிறகு தாயிப் ஸ்டியரிங்கை வலப்பக்கம், மேட்டை நோக்கி ஒடித்தான். தீ தம்பி வயலுக்குத் தாவாதபடி வரப்போரமாக மேலே ஏறினான். அதுவும் தம்பியின் பக்கம் அல்ல. தன் பக்கத்தில், நிற்கும் கதிர்களின் மேலேயே கலப்பையை இறக்கினான்.

"என்னண்ணே பண்றே?"

"வரப்புக்கு இந்தப் பக்கம்தான் மண்ணு இளசு. நீ சக்கரத்தைப் பாரு" என்றான்.

அப்படி ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ஒரே மண்தான்.

பாதி மேட்டில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. கம்பளி கொத்துக் கொத்தாய் வெளியே வந்து ரிம்மில் சுற்றியது. ரிம் மண்ணைக் கிழித்துக்கொண்டு டிராக்டரைத் தீயின் பக்கமே இழுத்தது. ஸ்டியரிங் எதற்கும் கட்டுப்படவில்லை. தாயிப் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, வலது பிரேக்கை மட்டும் மிதித்தான். பின்சக்கரம் ஒன்று நிற்க, வண்டி அந்தப் பக்கம் திரும்பியது. இழுத்தால் மிதிப்பான், நேரானால் விடுவான். அப்படியே மிதித்து மிதித்து மேலே கொண்டுபோனான். அனல் அவன் இடப்பக்கத்து மீசையைப் பொசுக்கியது. லஸ்ஹர் இனி சக்கரத்துக்குச் செய்ய ஒன்றுமில்லாமல், ஈரச் சாக்கால் வரப்பின்மேல் விழுந்த பொறிகளை அடித்துக்கொண்டே ஏறினான். வாயில் வந்த துவாவை முழுதாகச் சொல்லி முடிக்க மூச்சு இல்லை.

டிராக்டர் முற்றத்து மண்ணில் ஏறியபின்தான் தாயிப் என்ஜினை நிறுத்தினான். இறங்க முடியவில்லை. லஸ்ஹர் கைகொடுத்து இறக்கினான்.

தாயிபின் கோதுமை, ஒரு கெட்டில் தேநீர் கொதிக்கும் நேரத்துக்குள் எரிந்து முடிந்தது. உழுத மண்ணுக்கு வந்த தீ அங்கும் இங்கும் எட்டிப் பார்த்துவிட்டு அடங்கியது. சில இடங்களில் தாண்டியது. மூன்று பேரும் மண்ணை வாரிப் போட்டு அணைத்தார்கள். வீடுகள் நின்றன. லஸ்ஹரின் கோதுமை நின்றது. தீயணைப்பு வண்டி வந்தபோது, அதில் வந்தவர்களுக்குச் சாம்பலில் தண்ணீர் தெளிப்பதுதான் மிச்சம்.

பாறையிலிருந்து இறங்கி வந்த சயீதா கறுத்த வயலைப் பார்த்தாள். தாயிபின் கையைக் கழுவித் துணி கட்டினாள். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அவள் அழுகை கேட்டது.

மறுநாள் அறுவடை இயந்திரம் வந்தது. ஓட்டி வந்தவன் ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் மஞ்சளுமாக இருந்த சரிவைப் பார்த்துவிட்டு, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டான்.

"இருக்கறதுலேர்ந்து" என்றான் தாயிப். வாசற்கல்லிலேயே உட்கார்ந்திருந்தான்.

லஸ்ஹர் அவனிடம் போனான். "சாக்கு கட்ட ஆள் வேணும். மெஷின்ல ஏறி நில்லு."

"கையைப் பாத்தேல்ல."

"அப்ப கீழ நின்னு எண்ணு. ஒரு சாக்கு எனக்கு, ஒரு சாக்கு உனக்கு."

"எனக்குப் பிச்சை போட வேணாம்."

"பிச்சையா? நீ வரப்போரமா உழுத உன் கதிருக்கு நான் என்ன குடுக்கறது? சொல்லு. மண்ணு இளசுன்னியே."

லஸ்ஹர் பதிலுக்கு நிற்காமல் இயந்திரத்தின் பக்கம் போனான். சாயங்காலம் அண்ணன் பங்குச் சாக்குகளை முதுகில் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து அவன் வீட்டு வாசலில் சாய்த்தான். டிராக்டர் முற்றத்தில் ரிம்மின்மேல் சாய்ந்து நின்றிருந்தது. தாயிப் எழுந்து, நல்ல கையால் ஒரு மூட்டையின் வாயைப் பிடித்தான்.

"இதை உள்ள தள்ளு. வாசல்ல போட்டா ஆடு திங்கும்."

இருவருமாக உள்ளே தள்ளினார்கள். பாதிக் கோதுமை. அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்தது போக, மிச்சம் எந்த வீட்டுக்கும் குளிர்காலம் தாண்டாது.