நாக்கில் ஒட்டிய எலும்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு நான் ஒரு கல்லை நக்கியதில் கிடைத்த கதை இது. சிரிக்காதீர்கள். எங்கள் தெற்கு டகோட்டா புல்வெளியில், மழை அரித்த ஓடைக்கரைகளில் ஆதிகாலத்து எலும்பு பொறுக்கப் போகிற எல்லோரும் நக்குவார்கள். வெறும் கல் என்றால் நாக்கு வழுக்கும். கல்லாய்ப் போன எலும்பு என்றால் அதன் பொடித்துளைகள் ஈரத்தை உறிஞ்சி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். எனக்குக் கிடைத்தது வெறும் கல், மண் தின்றதுதான் மிச்சம். ஆனால் அது எலும்பாயிருந்து நாக்கில் ஒட்டி, அந்த நேரம் பார்த்து யாராவது என்னிடம் முக்கியமான ஒன்றைக் கேட்டிருந்தால்?

2

முதல் வரி சுலபத்தில் வரவில்லை.

"பல கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலத்தில்..." (சீ, பாடப்புத்தகம்.)

"காற்று புல்லைத் தடவி..." (ஆளாளுக்குக் காற்றைப் பிடித்துத் தொங்கியாயிற்று.)

"டெல்மர் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான்."

இது சரி. எலும்பு பொறுக்க எவன் இஸ்திரிச் சட்டையில் வருவான்? டெல்மர் மாட்டுப்பண்ணைக்காரன், கட்டைப் பிரம்மச்சாரி. பக்கத்துப் பண்ணை ஆர்லிஸ் கணவனை இழந்தவள். நிலத்தை விற்றுவிட்டு நகரத்தில் மகள் வீட்டோடு போய்விடலாமா என்று யோசிக்கிறாள். "போகாதே, என்னோடு இரு" என்று சொல்லிவிடத்தான் இவன் வந்திருக்கிறான். (அறுபதைத் தாண்டியவர்களை அவன், அவள் என்பதா? காதலிக்கிறவர்களுக்கு என் கதையில் வயது கிடையாது.)

3

"என்னய்யா, சர்ச்சுக்குப் போறியா, எலும்பு பொறுக்க வர்றியா?" என்றாள் ஆர்லிஸ்.

"துவைச்சது இதுதான் கெடந்துச்சு."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்!"

நல்ல வெயில். ஆமை ஓட்டுத் துண்டுகள் நாலைந்து கிடைத்தன. பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து, ஆர்லிஸ் சுட்டு வந்த கூக்கனை, அதாவது பீச் பழம் வைத்த எங்கள் ஊர் கேக்கை, காபியோடு தின்றார்கள். டெல்மருக்கு வயிறும் நிறைந்தது, மனசும் நிறைந்தது. சொல்ல வந்தது மட்டும் பாக்கி. காலடியில் வெள்ளையாய் ஒரு தாடை எலும்பு, இரண்டாய் உடைந்து கிடந்தது. ஒரு பாதியை அவளிடம் கொடுத்துவிட்டு மறுபாதியை நாக்கில் வைத்தான். ஒட்டிக்கொண்டது.

அப்போது பார்த்து அவள் கேட்டாள். "டெல்மர், நிலம் வாங்க வர்றவங்களுக்கு நாளைக்குப் பதில் சொல்லணும். குடுத்துட்டுப் போயிடட்டுமா? நீ என்ன சொல்றே?"

"ங்ங்ங்," என்றான் டெல்மர்.

(குறிப்பு: நிஜத்தில் எலும்பு அவ்வளவு கெட்டியாக ஒட்டாது, விரலால் இழுத்தால் வந்துவிடும். இந்த இடத்தில்தான் எனக்கு அது உறைத்தது. போச்சு, கதை குட்டிச்சுவர் என்று பேனாவை வைத்துவிட்டேன். அப்புறம் தோன்றியது, எனக்குத் தெரிந்தது இங்கேயே பிறந்து வளர்ந்த ஆர்லிஸுக்குத் தெரியாதா?)

4

எலும்பைப் பிடுங்கிப்போட்டு "போகாதே" என்று அவன் சொல்கிறான். ஊஹூம். அவ்வளவு வாய் இருந்திருந்தால் எப்போதோ கேட்டிருப்பானே.

அவள் பெருமூச்சு விட்டு வண்டியில் ஏறி... வேண்டாம். கூக்கன் சுட்டு வந்தவளை அப்படி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது இதுதான்.

"எனக்கும் தெரியும்யா, இவ்வளவு நேரமெல்லாம் ஒட்டாது," என்றாள் ஆர்லிஸ். கோபமில்லை. தன் கையிலிருந்த பாதியைச் சட்டையில் துடைத்தாள். "சரி, யாரோடது முதல்ல விழுதோ அவங்க மனசுல இருக்கிறதைச் சொல்லிடணும்." சொல்லிவிட்டு அதைத் தன் நாக்கில் ஒட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் டெல்மருக்கு விளங்கியது, அவளிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது. இரண்டு பேரும் நாக்கை நீட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சிரிப்பு முட்டியது. சிரித்தால் விழும், விழுந்தால் சொல்ல வேண்டும்.

5

அவன் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் தோளும்...

யாருடையது முதலில் விழுந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்களே சொல்லுங்கள். என் நாக்கிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது, இந்த முறை கல் இல்லை.