ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள்

பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த ஆன்மேரி, சமயநல்லூரில் வாசிக்கத் திணறிய ஒன்பது சின்னப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் சொல்லிக்கொடுத்தாள். அவள் ஒரு வரி சொல்வாள். பிள்ளைகள் கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி அதைத் திருப்பிச் சொல்வார்கள். கேட்ட தெருக்காரர்கள் மெச்சினார்கள். மெச்சினால் யாருக்குத்தான் கசக்கும்?

இரண்டாம் வகுப்புப் பாண்டீஸ்வரி முதலில் தேறினாள். ஆமைக் கதையைக் கடகடவென்று வாசித்தாள். ஆன்மேரி பூரித்துப்போய், 'வாசிக்கிறாள்' என்று பள்ளிக்கூடம் தந்திருந்த பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்படி எழுதிவிட்டால் திங்கட்கிழமை முதல் அந்தப் பிள்ளைக்கு மாலை வகுப்பு கிடையாது. அம்மா கனகலட்சுமி பூக்கட்டுகிறவள், எழுத்தே அறியாதவள். டீச்சருக்கு இரண்டு முழம் மல்லிகை கொடுத்தாள். தெருவில் நாலு பேரைப் பிடித்து நிறுத்தி மகளை வாசிக்கவும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை, கடைசி வகுப்பு. "இன்னொரு தடவை வாசி தங்கம்" என்றாள் ஆன்மேரி, ஆசைக்காக. எவனோ தின்ற மிட்டாய் பட்டு, புத்தகத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக் கிடந்தன. பாண்டீஸ்வரி அவற்றைச் சேர்த்தே புரட்டினாள். ஆமை கிணற்றில் விழும் பக்கம் உள்ளே மாட்டிக்கொண்டது. அவளோ வரிக்கு வரி விரலை ஓட்டியபடி, ஆமை கிணற்றில் விழுந்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். விரல் ஓடிய பக்கத்தின் படத்தில் ஆமை கரையேறி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ஆன்மேரி குனிந்து படத்தைப் பார்த்தாள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்றாள். பிள்ளை முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

பிள்ளையைச் சொல்லி என்ன? மூன்று மாதமாக அதன் காதுக்குத்தான் பாடம் நடந்திருக்கிறது. கண் சும்மா உட்கார்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பாண்டீஸ்வரி மூன்றாம் வகுப்பில் போய் முழிப்பாள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதானை' ஆன்மேரியால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் தலைமையாசிரியர் சத்தியசீலன் வீட்டுக்கே போனாள்.

"சார், தப்பா எழுதிட்டேன். பாண்டீஸ்வரிக்கு வாசிக்கத் தெரியாது."

"தெருவே கேட்டுச்சேம்மா?"

"கேட்டுச்சு சார். அதான் வினையே."

அவர் பட்டியலைத் திருத்தினார். கனகலட்சுமிதான் ஆறவில்லை. "நாலு பேரு முன்னாடி எம்புள்ளயத் தலகுனிய வச்சிட்டீகளே டீச்சர்" என்றாள். ஆனாலும் பிள்ளையை அனுப்பினாள். பூ மட்டும் வரவில்லை.

அதன்பின் கூட்டுச் சத்தம் நின்றது. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டச் சொன்னாள். டீச்சர் பாடம் நடத்துவதையே விட்டுவிட்டாள் என்று தெருவில் பேச்சு.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், மகளைக் கூப்பிட வந்த கனகலட்சுமி வாசலில் நின்றாள். பாண்டீஸ்வரி கையில் அதுவரை பார்த்தேயிராத புத்தகம்.

"மா... மாடு... வ... வய... வயலுக்கு..."

கனகலட்சுமியின் முகம் சுண்டிப்போனது. "என்ன டீச்சர், முன்னாடி தண்ணிபட்ட பாடாச் சொல்லுவா. இப்ப இம்புட்டுத் திக்குறாளே?"

ஆன்மேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "இப்பத்தான்க்கா வாசிக்கிறா."

கனகலட்சுமி மகளையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவாவே வாசி தாயி. நா இருக்கேன்."